வன்தட்டும் வாசிப்புரிமையும்: ஊவாத் தோட்டப்புற ஆவணங்களை முன்வைத்து ஒரு நோக்கு

1

இலக்கிய வரலாறு எழுதுவோர் நூல்களின் உள்ளடக்கத்தை விரிவாக ஆராய்வர். அந்நூல்கள் எவ்வழியாக, எவர் உழைப்பினால், எத்தகைய கருவியின் துணையோடு தமது கைக்கு வந்து சேர்ந்தன என்று ஆராய்வோர் சிலரே. எனினும், ஒரு நூலின் பௌதிக இருப்பும் அதனை வாசிக்கும் ஆற்றலும் வேறு வேறானவை என்பது தமிழ் மரபு நன்கறிந்த உண்மையாகும். ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இருக்கவில்லை. எகர ஏகார வேறுபாடும் காட்டப்படவில்லை. அவற்றை வாசிப்பதற்கு ஒரு பயிற்சி மரபு வேண்டியிருந்தது. அம்மரபு அறுந்துபோன இடங்களில் ஏடு இருந்தும் நூல் இல்லாத நிலை தோன்றிற்று.

இன்று ஏட்டின் இடத்தைப் பெருமளவுக்குப் புற வன்தட்டு பெற்றுள்ளது. கள ஆய்வில் ஒலிப்பதிவு செய்த பாடல்களும், ஒளிப்படமெடுத்த கடிதங்களும், வருடி எடுத்த சஞ்சிகைகளும் கையடக்கமான பெட்டியொன்றினுள் சேமிக்கப்படுகின்றன. அப்பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தால் ஆவணம் பத்திரமாக இருக்கும் என்பதே பொதுவான நம்பிக்கை. இந்நம்பிக்கை அரை உண்மையே. தட்டுக்கும் வாசகனுக்கும் இடையில் நிற்கும் மென்பொருள்கள் எவை, அவை யாருடைய உடைமை என்னும் வினாக்களைப் பதுளை மாவட்டத்தையும் ஊவாத் தோட்டங்களையும் முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

மலையகத் தமிழரைப் பொறுத்தவரை ஆவணம் என்பது அறிவுத்துறை சார்ந்த ஒரு பொருளாக மட்டும் இருந்ததில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், 1946 சனவரி 1 ஆம் திகதிக்கு முன்னர், மணமானவராயின் 7 ஆண்டுகளும் மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வதிந்தமையை நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்நிரூபணத்துக்கு உதவக்கூடிய செக்றோல் முதலிய பதிவேடுகள் தோட்டத்துரையின் கந்தோரிலேயே இருந்தன. அவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தன. தன்னைப் பற்றிய ஆவணம் தொழிலாளியின் கையில் இருக்கவில்லை. கைக்கு வந்திருப்பினும் அதனை வாசிக்கும் வாய்ப்பு அவனுக்கோ அவளுக்கோ பெரும்பாலும் அளிக்கப்பட்டிருக்கவில்லை.

1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி செய்துகொள்ளப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களை எண்ணிக்கைகளாகப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனக் கணக்கிடப்பட்டது. எஞ்சிய 150,000 பேரும் 1974 இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோரின் சட்ட நிலைக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே முடிவு கண்டது. இவ்வரை நூற்றாண்டு வரலாற்றை நோக்குமிடத்து ஓருண்மை துலங்கும். ஆவணத்தை வைத்திருக்கும் அதிகாரம், அதனை வாசிக்கும் அதிகாரம், அதனைச் செல்லுபடியாக்கும் அதிகாரம் ஆகிய மூன்றும் ஒரே வர்க்கத்தின் கையில் குவிந்திருந்தன.

இக்காரணத்தினாலேயே மலையக மக்கள் தாமே உண்டாக்கிய ஆவணங்கள் தனி முக்கியத்துவம் பெறுகின்றன. நாட்டார் பாடல்களைத் தொகுத்தளித்த சி. வி. வேலுப்பிள்ளையும் (1914–1984), பதுளைப் பிரதேசத்தில் ஊவாக்கட்டவளையில் 1934 இல் பிறந்து, மலையகச் சிறுகதையின் வரலாற்றை எழுதி, 2022 இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பும் ஆற்றிய பணி இவ்வகையினது. அரசின் சுவடிக்கூடமும் தோட்டக் கம்பனியின் பதிவறையும் செய்யாததைத் தனிமனிதர் தம் அலுமாரிகளில் செய்தனர்.

அலுமாரிக்கும் ஆபத்து உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியினால் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்றாகும். இத்தகைய அனர்த்தங்களில் உயிர்களோடும் உடைமைகளோடும் பிறப்புச் சான்றிதழ்களும் புகைப்படங்களும் கையெழுத்துப் பிரதிகளும் மண்ணுள் போகின்றன. ஆதலால் எண்ணிமப்படுத்தல் இங்கு ஆடம்பரமன்று. 2005 இல் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களுக்கு இத்துறையில் வழிகாட்டிற்று. மலையக மக்களின் 200 ஆண்டுகள் 2023 இல் நினைவுகூரப்பட்ட வேளையிலும் ஆவணப்படுத்தும் ஆர்வம் பெருகிற்று. அவ்வாறு திரட்டப்படும் பதிவுகள் பொது நூலகமொன்றைச் சென்றடையும்வரை ஆசிரியரொருவரின் அல்லது தொழிற்சங்கக் கிளையொன்றின் வன்தட்டிலேயே தங்குகின்றன. அத்தட்டு வாசிக்கப்படுமா என்ற வினா இங்கேயே எழுகின்றது.

3

புற வன்தட்டு ஒன்றைக் கணினியில் இணைத்தவுடன் கோப்புகள் திரையில் தோன்றுகின்றன. இது தட்டின் இயல்பு போலத் தோன்றினும், அதன் பின்னால் ஒன்றன்மேலொன்றாகப் பல மொழிபெயர்ப்புகள் நிகழ்கின்றன. அவற்றை நான்கு படிகளாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, பெட்டியினுள் இருக்கும் பாலம். உள்ளிருக்கும் தட்டு பெரும்பாலும் சாட்டா எனப்படும் ஒழுங்குவிதிப்படி பேசும். கணினியின் வாயிலோ யூ.எஸ்.பி. முறைப்படி பேசும். இடையில் உள்ள சிறு மின்சுற்று ஒன்றனை மற்றொன்றாக மாற்றுகின்றது. சில வகைப் பெட்டிகளில் இப்பாலமே தரவுகளை மறைகுறியாக்கியும் எழுதுகின்றது; கடவுச்சொல் இடாதபோதும் இது நிகழ்வதுண்டு. அத்தகைய பெட்டியில் பாலம் பழுதுற்றால், தட்டு நல்ல நிலையில் இருந்தும் அதனைக் கழற்றி வேறொரு பெட்டியில் பொருத்தி வாசிக்க இயலாது.

இரண்டாவது படி இயக்கி. வழக்கில் ‘டிரைவர்’ எனப்படுவது இதுவே. கணினியின் உறுப்புகள் யாவற்றையும் ஒழுங்குபடுத்தும் அடிப்படை மென்பொருள் பணிசெயல் முறைமையாகும்; விண்டோஸ், மக்ஓஎஸ், லினக்ஸ் என்பன அத்தகையவை. பணிசெயல் முறைமை பொதுவான கட்டளைகளைப் பிறப்பிக்கும். குறித்த சாதனம் விளங்கிக்கொள்ளும் வடிவில் அவற்றை மாற்றிக் கொடுப்பது இயக்கி. யூ.எஸ்.பி. 1996 இல் அறிமுகமாயிற்று. ஆயினும் விண்டோஸ் 98 இல் யூ.எஸ்.பி. சேமிப்புச் சாதனங்களுக்கான பொது இயக்கி இருக்கவில்லை. ஒவ்வோர் உற்பத்தியாளரும் தத்தமது சாதனத்துக்குரிய இயக்கியைத் தனியே வழங்க வேண்டியிருந்தது. அவ்வியக்கி தொலைந்தால் சாதனம் பயனற்றதாகும். சேமிப்புச் சாதனங்கள் யாவும் ஒரே விதிக்கு அமைய நடந்துகொள்ள வேண்டும் என்னும் பொதுநியமம் உருவாகியதன் பின்னரே நிலைமை மாறிற்று. இணைக்கப்பட்டவுடன் சாதனம் தான் சேமிப்பு வகுப்பைச் சேர்ந்தது என்பதை 08 என்னும் குறியெண்ணால் அறிவிக்கும். அவ்வகுப்புக்குரிய ஒரே இயக்கி அதனைப் பொறுப்பேற்கும். 2000 ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் பதிப்புகளிலும், 2001 சனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.4 இலும் இத்தகைய பொது இயக்கி உள்ளடங்கியிருந்தது.

நியமம் இருந்தும் அதனை மீறும் சாதனங்கள் சந்தைக்கு வருவது நின்றுவிடவில்லை. லினக்ஸின் மூலநிரலில் இவ்வாறு வழுவிய சாதனங்களுக்கெனவே பட்டியல்கள் உண்டு. இன்ன உற்பத்தியாளரின் இன்ன சாதனம் இந்த விதியைச் சரிவரப் பின்பற்றாது, ஆதலால் அதனை இவ்வாறு கையாள்க என்பது போன்ற குறிப்புகளே அவை. எங்கோ ஒருவர் தமது தட்டு இயங்காமைகண்டு, காரணத்தை ஆராய்ந்து, பிறர்க்கும் பயன்படுமாறு அறிவித்ததன் பேறாகவே இத்தகைய வரிகள் சேர்கின்றன. கூட்டு உழைப்பு எவ்வாறு பொது அறிவாகப் படிகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்பது அரிது.

மூன்றாவது படி கோப்பு முறைமை. தட்டு தன்னளவில் இலக்கமிடப்பட்ட கட்டங்களின் நீண்டதொரு வரிசை மட்டுமே. எந்தக் கட்டங்கள் சேர்ந்து எந்தக் கோப்பாகின்றன, அதன் பெயர் யாது, கோப்புறை எது என்பவற்றைக் குறித்துவைக்கும் பேரேடே கோப்பு முறைமை. தட்டு இயங்கினும் பேரேட்டின் எழுதுமுறை தெரியாவிடின் ஒரு கோப்பையும் பெயர் சொல்லி எடுக்க இயலாது.

நான்காவது படி கோப்பின் உள்வடிவமும் எழுத்துக் குறியீடும் ஆகும். ஈழத்தில் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் தட்டெழுதப்பட்ட கட்டுரையை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குழப்பமே தென்படும். தமிழுக்கு ஒருங்குறியில் 1991 இலேயே இடம் கிடைத்தும், அதற்குப் பின்னரும் நெடுங்காலம் நம்மவர் எழுத்துருவையே எழுத்தாகக் கருதிவந்தனர்.

4

இந்நான்கு படிகளுள் மூன்றாவதில் உடைமைப் பிரச்சினை கூர்மையாக வெளிப்படுகின்றது. எம்மிடையே புழங்கும் புற வன்தட்டுகளிற் பல என்.ரி.எப்.எஸ். என்னும் கோப்பு முறைமையைக் கொண்டவை. இது 1993 இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்.ரி. யுடன் வந்தது. இதன் முழுமையான விவரக்குறிப்பை அந்நிறுவனம் பொதுவில் வெளியிடவில்லை. லினக்ஸ் ஆக்குநர்கள் தட்டில் எழுதப்படுபவற்றை அவதானித்து, ஏட்டின் அழிந்த எழுத்தை ஊகித்தறியும் பதிப்பாசிரியரைப் போன்று, அதன் அமைப்பை உய்த்துணர வேண்டியிருந்தது. வாசித்தல் முதலிற் கைகூடிற்று. நம்பகமாக எழுதுதல் நெடுங்காலம் கைகூடவில்லை. என்.ரி.எப்.எஸ்.-3ஜி என்னும் கட்டற்ற இயக்கியின் உறுதியான பதிப்பு 2007 இல் வெளியாயிற்று. லினக்ஸின் கருவினுள்ளேயே முழுமையான எழுதும் ஆற்றல் கொண்ட இயக்கி இடம்பெற்றது 2021 இல், 5.15 ஆம் பதிப்பிலாகும். அதனை வழங்கியது பரகன் என்னும் வணிக நிறுவனம். மக்ஓஎஸ் இத்தட்டுகளை வாசிக்குமாயினும் இயல்பாக அவற்றில் எழுதுவதில்லை.

இதனினும் பழையதான ஃபட்32 முறைமையை ஏறத்தாழ எல்லாக் கணினிகளும் அறியும். ஆனால் 4 ஜிகாபைற்றை எட்டும் தனிக் கோப்பை அது ஏற்காது. முதியவர் ஒருவருடனான நீண்ட ஒளிப்பதிவு அவ்வெல்லையை எளிதில் கடந்துவிடும். இக்குறையை நீக்க 2006 இல் வந்த எக்ஸ்ஃபட், ஆரம்பத்தில் காப்புரிமையாலும் உரிமத்தாலும் வேலியிடப்பட்டிருந்தது. அவ்வேலி வெற்று அச்சுறுத்தலன்று. ஃபட் தொடர்பான காப்புரிமைகளையும் உள்ளடக்கி, லினக்ஸைப் பயன்படுத்திய ரொம்ரொம் நிறுவனத்தின்மீது மைக்ரோசொப்ட் 2009 இல் வழக்குத் தொடுத்தது. பத்தாண்டின் பின்னர், 2019 ஓகஸ்டில், அதே மைக்ரோசொப்ட் எக்ஸ்ஃபட்டின் விவரக்குறிப்பை வெளியிட்டு, லினக்ஸில் அது சேர்க்கப்படுவதை ஆதரித்தது. 2020 இல் லினக்ஸ் 5.7 இல் சம்சுங் நிறுவனத்தாரின் நிரலை அடியாகக் கொண்ட இயக்கி இடம்பெற்றது.

இம்மாற்றத்தைப் பெருந்தன்மையாகக் கொள்ளல் பொருந்தாது. தொலைவிலுள்ள சேவையகங்களை வாடகைக்கு விடுவதே பெருலாபம் தரும் துறையாக வளர்ந்தபோது, அச்சேவையகங்களில் லினக்ஸ் கோலோச்சியபோது, மூலதனத்தின் நலன் இடம்பெயர்ந்தது. வேலியும் இடம்பெயர்ந்தது என்றே நாம் கருதுகின்றோம். எங்கு வாடகை வசூலிக்கலாமோ அங்கு வேலி எழும். வசூலிக்க இயலாத இடத்தில் அது தளரும்.

5

ஊவாத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு இடையீட்டாளனின் அதிகாரம் புதிதன்று. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் கங்காணி நின்றான். துரையின் கட்டளையை லயத்துக்கும் லயத்தின் முறைப்பாட்டைக் கந்தோருக்கும் மொழிபெயர்த்தவன் அவனே. ஆட்களைத் திரட்டி, முன்பணம் கொடுத்து, அக்கடனால் அவர்களைப் பிணைத்தவனும் அவனே. இன்ன தொகை செலுத்தப்படின் இத்தொழிலாளரை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்ட நிர்வாகம் எழுதிக்கொடுத்த ‘துண்டு’ முறை 1921 இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. மொழிபெயர்ப்பு எனும் தேவை உண்மையானது. அத்தேவையைத் தனியுடைமையாக்கிக் கடனாக மாற்றியதிலேயே சுரண்டல் இருந்தது.

இவ்வொப்புமையை எல்லை கடந்து நீட்டுதல் தகாது. வன்தட்டு உழைப்பவனன்று, இயக்கிக்கு வர்க்க நலனும் இல்லை. ஆயினும், இடையீடு இன்றியமையாதது என்பதும் அதன் இரகசியம் ஒருவரிடம் மட்டும் இருத்தல் கேடானது என்பதும் இரண்டிடத்தும் பொதுவாகும். மூடிய இயக்கியையோ மறைகுறியாக்கும் பாலத்தையோ நம்பி ஆவணத்தை வைத்திருக்கும் சமூகம், தனது ஆவணத்தின் திறவுகோலைப் பிறரிடம் ஒப்படைத்த சமூகமாகும்.

மறுபுறம், கட்டற்ற மென்பொருளை மந்திரமாகக் கருதுவாரும் உளர். நிரல் திறந்திருப்பதனால் மட்டும் அது நிலைத்துவிடாது. ஒருகாலத்தில் லினக்ஸில் பரவலாகப் பயன்பட்ட ரைசர்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை, பேணுவோர் அற்ற நிலையில், 2025 சனவரியில் வெளியான 6.13 ஆம் பதிப்போடு லினக்ஸின் கருவிலிருந்து நீக்கப்பட்டது. அம்முறைமையில் எழுதப்பட்ட தட்டை இன்று வாசிக்க விரும்புவோர் பழைய பதிப்பொன்றைத் தேடிச் செல்லவேண்டும். இயக்கி என்பது உறைந்த உழைப்பாகும். உயிருள்ள உழைப்பு அதனைத் தொடர்ந்து தீண்டாவிடின் அது பயனிழக்கும். எனினும் இவ்விடத்து ஒரு வேறுபாடு மனங்கொளத்தக்கது. திறந்த நிரலின் பழைய பதிப்பு எவரும் எடுத்துத் திருத்தக்கூடிய நிலையில் எஞ்சுகின்றது. மூடிய நிரல் அதன் உடைமையாளரோடு மறைகின்றது.

6

இவ்விளக்கம் நடைமுறைக்குப் பயன்படவேண்டுமாயின், தோட்டப் பாடசாலைகளும் வாசிகசாலைகளும் தொழிற்சங்கக் கிளைகளும் இன்று எதிர்நோக்கும் ஒரு நிலைமையிலிருந்து தொடங்கலாம். விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11, குறித்த பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் வேண்டுகின்றது. பழைய கணினிகள் பல அத்தகுதியற்றவை. இயங்கும் இயந்திரத்தைக் கழித்துவிட்டுப் புதியதை வாங்கும் வசதி பசறையிலோ மடுல்சீமையிலோ உள்ள தோட்டப் பாடசாலையொன்றுக்கு எளிதில் வாய்ப்பதன்று. அவ்வியந்திரங்களில் லினக்ஸை நிறுவுதல் ஒரு வழி. அப்போது முன்னர் விண்டோஸில் எழுதிய தட்டுகள் வாசிக்கப்படுமா என்ற ஐயம் இயல்பாக எழும். மேலே கூறிய இயக்கிகளின் பேறாக, அவை இன்று பெரும்பாலும் வாசிக்கப்படும். முறைப்படி விடுவிக்காமற் பிடுங்கிய தட்டையோ, கணினி உறக்கநிலையில் இருக்கும்போது கழற்றிய தட்டையோ மட்டும் லினக்ஸ் எழுத அனுமதியாது மறுக்கலாம், அல்லது வாசிப்பதற்கு மட்டும் திறக்கலாம். விண்டோஸ் கணினியொன்றில் அதனைச் சரிபார்த்து முறைப்படி விடுவித்த பின்னர் இத்தடை பெரும்பாலும் நீங்கும்.

புதிதாக ஆவணம் திரட்டுவோர் சில விதிகளைக் கைக்கொள்ளுதல் நன்று. ஒரே ஆவணத்தை இரண்டு தட்டுகளிலேனும், மலைச்சரிவொன்று ஒருசேர அழிக்காதவாறு இரண்டு ஊர்களிலேனும் வைத்தல் வேண்டும். பலரிடையே கைமாறும் தட்டுக்கு எக்ஸ்ஃபட் பொருந்தும்; மூன்று பணிசெயல் முறைமைகளும் அதனை வாசிக்கவும் எழுதவும் வல்லன. ஆயினும் எழுதும்போது மின் தடைப்பட்டால் மீள்வதற்குரிய குறிப்பேடு அதில் இல்லை. மின்வெட்டுப் பழகிய தோட்டப்புறத்தில் இது சிறு குறையன்று. ஓரிடத்தில் நிலையாக இருக்கும் பிரதியை 2008 முதல் உறுதிநிலை எய்திய எக்ஸ்ட்4 முறைமையில் வைக்கலாம். விண்டோஸ் அதனை நேரடியாக வாசிப்பதில்லை என்பதால் லினக்ஸ் கணினியொன்று அருகில் இருத்தல் அவசியம். தானே மறைகுறியாக்கும் பெட்டிகளை ஒரே பிரதிக்கு நம்பலாகாது. உரைகளை ஒருங்குறியில் வைத்தல் வேண்டும். பழைய பாமினிக் கோப்புகளை மாற்றும்போது மூலத்தையும் உடன் பேணுதல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரண்டு வேறுபட்ட பணிசெயல் முறைமைகளில் தட்டைத் திறந்து பார்த்தல் வேண்டும். திறக்கப்படாத தட்டு நாளடைவில் வெறும் உலோகமே.

இவற்றைத் தனிமனிதரின் கடமையாக மட்டும் விட்டுவிடுதல் அலுமாரிக் காலத்தின் தொடர்ச்சியாகும். பதுளையில் 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் உண்டு. கொழும்பிலும் பேராதனையிலும் தமிழ்ச் சங்கங்கள் உண்டு. கணினித்துறை மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் கூடித் தோட்டந்தோறும் உள்ள தட்டுகளைக் கணக்கெடுத்து, பிரதிசெய்து, திறந்த வடிவுக்கு மாற்றித் தருதல் அரிய செயலன்று. நூலகம் திட்டத்தின் இணைய நூலகம் மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளின்மீதே கட்டப்பட்டுள்ளது என்பது இத்தகைய முயற்சிக்கு முன்னுதாரணமாகும்.

தொழிலாளியைப் பற்றிய ஏடு கந்தோரில் கிடந்த காலத்தில் அதனைக் கேட்டுப் பெறுவதே போராட்டமாக இருந்தது. இன்று ஆவணம் தொழிலாளியின் பிள்ளைகளின் கையில் உள்ளது. அவர்களே அதனை உண்டாக்குகின்றனர். அதனை வாசிக்கும் வழியும் அவர்கள் கையில் இருத்தல் வேண்டும். இயக்கியின் நிரல், கோப்பு முறைமையின் விவரக்குறிப்பு, எழுத்தின் குறியீடு ஆகியவை பொதுவுடைமையாக இருத்தலும், அவற்றைப் பேணும் அறிவு மலையக இளைஞரிடையே பரவுதலும் ஊவாத் தோட்டங்களின் வரலாற்றெழுதியலுக்கு இன்றியமையாத முன்நிபந்தனைகளாகும்.